பக்கத்தில் இருப்பதே சாட்சி: சூப்பர்ஹீரோ காமிக்ஸ் மறுவாசிப்புக்கும் விமர்சனத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சேர்ப்பவர்களில் பலர் இதழ்களை உறையிலிட்டு, எண்வரிசைப்படி அடுக்கி, பட்டியலும் போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு அவற்றைத் திறப்பதே இல்லை. ஒரு தடவை படித்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வகைக் கதைகளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பது என் எண்ணம். இருபது சொச்சம் பக்கக் கதையைக் கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். அந்தப் பக்கங்களை வரைய ஓர் ஓவியருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் தேவைப்பட்டிருக்கும். யார் வென்றார், யார் இறந்தார், அடுத்த மாதம் என்ன நடக்கும் என்ற பரபரப்பிலேயே முதல் வாசிப்பு தீர்ந்துவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகு திறக்கும்போதுதான் பக்கங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது கண்ணில் படத் தொடங்கும்.

சேகரிப்பிலிருந்து இதழ்களை எடுத்து மறுபடி படித்து, அவற்றைப் பற்றி நேர்மையாக எழுத விரும்புபவர்களுக்கானது இந்த வழிகாட்டி. இதில் வரும் எல்லாப் படிகளும் ஒரே விதியிலிருந்து கிளைத்தவை: கையிலிருக்கும் பக்கத்தில் காணக் கிடைப்பதை மட்டுமே சாட்சியாகக் கொள்ள வேண்டும். நாயகனின் புகழும், இதழின் சந்தை விலையும், சிறுவயது நினைவும் சாட்சிக் கூண்டில் ஏறக் கூடாது.

முதல் படி: நாயகனை விட்டு, கூட்டணியைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லா பேட்மேன் இதழ்களையும் மறுபடி படிக்கப் போகிறேன்" என்று தொடங்கும் திட்டம் பாதியில் நின்றுவிடும். ஒரு நாயகன் பல பத்தாண்டுகளில் பல கைகள் மாறியவன்; அவனைத் தொடர்ந்து போனால் ஒரே கதையைப் படிக்கும் அனுபவம் கிடைக்காது. ஓர் எழுத்தாளரும் ஓர் ஓவியரும் தொடர்ந்து சேர்ந்து செய்த பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டேர்டெவில் 227 முதல் 233 வரை ஃபிராங்க் மில்லரும் டேவிட் மஸ்ஸுகெல்லியும் 1986-இல் செய்த ஏழு இதழ்கள் முதல் முயற்சிக்குச் சரியான அளவு. பெரிதாகப் போக விரும்பினால், கிறிஸ் கிளேர்மாண்ட் எழுதி ஜான் பைர்ன் வரைந்த எக்ஸ்-மென் 108 முதல் 143 வரையிலான பகுதி, 1977-இல் தொடங்கி 1981 வரை செல்வது, இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு இதழ்கள் என்பது ஒரு முறைக்குப் போதும்.

இப்படித் தொகுதியாகப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன டேர்டெவில் பகுதியின் முதல் சில இதழ்களில், தொடக்கப் பக்கப் படம் மேட் மர்டாக் (டேர்டெவிலின் இயற்பெயர்) படுத்துக் கிடப்பதை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் வீழ்ச்சியின் அளவை அந்தப் படங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தே சொல்லிவிடலாம். மாதம் ஒன்றாக வாங்கிப் படித்தவருக்கு இது தப்பியிருக்கலாம். மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்ப்பவருக்குத் தப்பாது.

பிடிக்காமல் ஒதுக்கிய ஓர் இதழையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்தவற்றை மட்டும் மறுபடி படிப்பவரின் விமர்சனம் விரைவிலேயே பாராட்டுரையாக மாறிவிடும்.

இரண்டாம் படி: திறப்பதற்கு முன் நினைவை எழுதிவையுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதழை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், ஒரு நோட்டில் பக்கத்தை நெடுவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள்: கதை, மறக்க முடியாத ஒரு கட்டம் (பக்கத்தில் சட்டமிட்ட ஒரு தனிப் படம்), ஒரு வசனம், அட்டையின் நிறம், அப்போது ஏற்பட்ட உணர்ச்சி. சரிபார்க்காமல் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். படித்து முடித்த பிறகு, உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அங்கே நிரப்புவீர்கள்.

இரண்டு பத்திகளும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் விமர்சனத்துக்கான விஷயம் கிடைக்கும். 1973 ஜூன் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்-மேன் 121-ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். கெர்ரி கான்வே எழுத, கில் கேன் வரைந்த அந்த இதழில் ஸ்பைடர்-மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கிறாள். வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்திலிருந்து தள்ளினான், அவள் இறந்தாள் என்பதே பலருக்கும் நினைவில் நிற்கும் கதை. பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஸ்பைடர்-மேனின் வலை அவள் காலைப் பிடித்து நிறுத்தும் கட்டத்தில், கழுத்தருகே சிறிய எழுத்தில் எலும்பு முறியும் ஓசை அச்சாகியிருக்கிறது. காப்பாற்றிய கையே கொன்றதோ என்ற கேள்வி அந்தச் சின்ன ஒலிச்சொல்லில் இருக்கிறது. அதே காட்சியில் உரை ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது. வரையப்பட்டிருப்பதோ புரூக்ளின் பாலத்தை ஒத்தது. எழுத்தும் ஓவியமும் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு நேரத்தில் உருவானதற்கான தடயம் அது. இரண்டும் பக்கத்திலேயே கிடைக்கின்றன, ஆனால் நினைவில் தங்குவதில்லை.

மூன்றாம் படி: இதழைக் கையாளுதல்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கைகளைக் கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு தொடுங்கள். பிளாஸ்டிக் உறையின் மூடியில் ஒட்டுநாடா இருந்தால், அதை முழுவதுமாக எடுத்துவிட்டோ வெளிப்புறம் மடித்து ஒட்டியோதான் இதழை வெளியே இழுக்க வேண்டும். நாடா அட்டையைக் கவ்விக் கிழிப்பதுதான் சேகரிப்பாளர்களுக்கு அடிக்கடி நேரும் சேதம். பழைய இதழ்கள் செய்தித்தாள் தாளில் அச்சானவை. அந்தத் தாளில் அமிலத்தன்மை உண்டு. ஆண்டுகள் ஆக ஆகப் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும். எனவே மேசையில் வைத்துப் படியுங்கள், இதழின் முதுகைப் பின்புறமாக மடக்காதீர்கள், வெயில் படும் இடத்தைத் தவிருங்கள். படிக்கும்போதே பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். திரும்ப வைக்கும்போது அமிலமற்ற அட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

தரச்சான்று பெற்று, கெட்டியான பெட்டிக்குள் முத்திரையிட்ட இதழ் உங்களிடம் இருந்தால் அதை உடைக்க வேண்டியதில்லை. மறுபதிப்பில் படியுங்கள். ஆனால் மறுபதிப்பில் படித்ததை விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதை அடுத்த படி விளக்கும்.

நான்காம் படி: எந்தப் பதிப்பைப் படிக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்

ஒரே கதையின் முதல் அச்சும் மறுபதிப்பும் வெவ்வேறு பொருள்கள். நீண்ட காலம் அமெரிக்க காமிக்ஸில் நீலம், செம்மை, மஞ்சள் ஆகிய மூன்று மைகளை 0, 25, 50, 100 சதவீதம் என்ற அளவுகளில் கலந்தே நிறங்களை உருவாக்கினார்கள். மொத்தம் 64 நிறங்கள். மை ஊறிப் பரவும் மங்கலான தாளை மனத்தில் வைத்து அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. அதே நிறங்களை வழுவழுப்பான வெள்ளைத் தாளில் அப்படியே அச்சிட்டால் கண்ணைக் குத்தும். இதை உணராமல் "வண்ணம் மட்டமாக இருக்கிறது" என்று பழைய கலைஞரின் தலையில் பழிபோடும் விமர்சனங்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சில மறுபதிப்புகளில் வண்ணமே புதிதாகத் தீட்டப்பட்டிருக்கும். 1988-இல் வெளிவந்த 'த கில்லிங் ஜோக்' கதைக்கு ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டினார். 2008-இன் சிறப்புப் பதிப்புக்கு ஓவியர் பிரையன் போலண்டே அதை முழுவதும் மாற்றி மறுபடி தீட்டினார். இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்தால் கதையின் மனநிலையே வேறாகத் தெரியும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் அந்தக் கதையின் வண்ணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

தனி இதழ்களை வைத்திருப்பவருக்கு ஒரு பெரும் நன்மை உண்டு: வாசகர் கடிதப் பக்கமும் விளம்பரங்களும். தொகுப்பு நூல்களில் இவை பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. ஓர் இதழ் வெளிவந்து சில மாதங்களுக்குப் பின் வரும் இதழ்களின் கடிதப் பக்கத்தில், அந்தக் கதையை அன்றைய வாசகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்படியே பதிவாகியிருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் மாதம் விற்பனைக்கு வந்த மாதம் அன்று. வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் முன்தேதியிடப்பட்டிருக்கும். சூப்பர்மேன் 75-ஆம் இதழின் அட்டைத் தேதி 1993 ஜனவரி. கடைக்கு வந்தது 1992 நவம்பரில். அன்றைய ஒரு நிகழ்வோடு கதையைத் தொடர்புபடுத்தி எழுதும்போது இந்த இடைவெளி உங்கள் வாதத்தையே கவிழ்த்துவிடும்.

ஐந்தாம் படி: வரிசை

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி மாற்றி அடுக்கிப் படிப்பது விறுவிறுப்பாகத் தோன்றலாம். ஆனால் படைப்பாளிகள் எதை எப்போது கண்டுபிடித்தார்கள் என்பது மறைந்துபோகும். பல தலைப்புகளுக்கு இடையே ஓடும் கதைகளுக்கு மட்டும் கூடுதல் உதவி வேண்டும். 1991 முதல் சூப்பர்மேன் இதழ்களின் அட்டையில் ஒரு சிறு முக்கோணத்துக்குள் எண் அச்சிட்டிருப்பார்கள்; எந்தத் தலைப்பாக இருந்தாலும் அந்த எண்ணைப் பின்பற்றினால் போதும். மற்றவற்றில், கட்டத்தின் அடியில் நட்சத்திரக் குறியுடன் ஆசிரியர் போடும் குறிப்புகள் முந்தைய இதழைக் காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: மூன்று முறை படியுங்கள்

முதல் முறை பேனா இல்லாமல், நிறுத்தாமல், கதைக்காக. அதில் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டாம் முறை ஒரு சொல்லைக்கூடப் படிக்காதீர்கள். படங்களை மட்டும் பாருங்கள். இது வெறும் பயிற்சிக்காகச் சொல்வதன்று. 1960-களின் மார்வெல் இதழ்களில் பெரும்பாலும் எழுத்தாளர் கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார். ஓவியர் காட்சிகளைப் பிரித்து, வேகத்தைத் தீர்மானித்து, முழுக் கதையையும் வரைந்து கொடுப்பார். வசனம் அதன்பிறகே எழுதப்படும். ஜாக் கிர்பி தம் ஓவியப் பக்கங்களின் ஓரத்தில், காட்சியில் என்ன நடக்கிறது என்று குறிப்பு எழுதி அனுப்புவார். ஆகவே படங்களை மட்டும் பார்க்கும்போது, கதை உருவான வரிசையிலேயே நீங்களும் செல்கிறீர்கள். ஓவியர் சொன்ன கதை எது, பிறகு வசனம் சேர்த்தது எது என்பது பிரிந்து தெரியும். சில இடங்களில் வசனம் படத்தை உயர்த்தியிருக்கும். சில இடங்களில் படம் ஏற்கெனவே சொன்னதை மறுபடி உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டியவை: ஒரு பக்கத்தில் எத்தனை கட்டங்கள், அவற்றின் அளவு எப்போது மாறுகிறது, கண் எந்த வழியாகச் செல்கிறது, பக்கத்தைத் திருப்பும் இடத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது. அதிர்ச்சி தரும் காட்சியை வலப்பக்கத்தில் வைத்தால் வாசகர் கண் முன்கூட்டியே அங்கே போய்விடும். திருப்பியவுடன் வரும் இடப்பக்கத்தில் வைப்பதே கைதேர்ந்தவர்களின் வழக்கம். விளம்பரங்கள் நடுவே புகுந்து இந்தக் கணக்கைக் குலைத்திருப்பதையும் பழைய இதழ்களில் பார்க்கலாம்.

கட்டங்களை எண்ணுவது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு, சூப்பர்மேன் இறக்கும் கதையின் கடைசி நான்கு இதழ்களைக் காட்டுவேன். முதலாவதில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு. கடைசியாக 75-ஆம் இதழில் ஒவ்வொரு பக்கமும் ஒரே படம். நான்கு வெவ்வேறு தலைப்புகளில் வெவ்வேறு குழுக்கள் சேர்ந்து நடத்திய கவுண்ட் டவுன் இது. அந்தக் கதையின் வசனங்கள் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த அமைப்புக்காக அதை மதிக்கிறேன். 1986-87-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த வாட்ச்மென் இன்னொரு முனை: ஓவியர் டேவ் கிப்பன்ஸ் அதை ஒன்பது கட்டச் சட்டகத்தின் மேலேயே கட்டியிருக்கிறார், ஐந்தாம் இதழின் பக்க அமைப்போ முதல் பக்கத்துக்குக் கடைசிப் பக்கம் என்று நடுவிலிருந்து கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்திருக்கிறது. அதை முதல் வாசிப்பிலேயே கண்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

மூன்றாம் முறை பென்சிலுடன் உட்காருங்கள். இதழில் எழுதிவிடாதீர்கள், நோட்டில் பக்க எண், கட்ட எண் போட்டு எழுதுங்கள். "ப. 7, க. 3" என்று இரண்டு எழுத்தில் குறித்தால் பிறகு தேடும் வேலை மிச்சம். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பக்க எண் இருக்க வேண்டும். எண் இல்லாத கருத்து விமர்சனத்துக்குள் போகக் கூடாது.

ஏழாம் படி: காலத்தை அறிந்து எடைபோடுங்கள்

1954-இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதித்தொகுப்பு வந்தது. தீமையை நன்மை எப்போதும் வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பவை அதன் விதிகளில் அடங்கும். அந்தக் காலத்து இதழின் முடிவை "எளிதில் ஊகிக்கக்கூடியது" என்று குறைசொல்வதில் பொருளில்லை. அந்த முடிவுக்குள் ஆசிரியர் எவ்வளவு அசைந்தார் என்பதே கேட்க வேண்டியது. 1971-இல் போதைப்பொருளின் கேட்டைக் காட்டும் கதைக்காக அமேசிங் ஸ்பைடர்-மேன் 96 முதல் 98 வரையிலான மூன்று இதழ்கள் அட்டையில் அந்தத் தணிக்கையின் ஒப்புதல் முத்திரை இல்லாமலே வெளிவந்தன. அதே ஆண்டில் விதிகள் தளர்த்தப்பட்டன. உங்கள் பெட்டியில் இருக்கும் இதழின் மேல்மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது கதையைப் பற்றியே ஏதோ சொல்கிறது.

அலுவலக முடிவுகளும் பக்கத்தில் தடம் பதிக்கும். 1980 செப்டம்பர் தேதியிட்ட எக்ஸ்-மென் 137-இல் அந்தக் குழுவின் நாயகிகளில் ஒருத்தியான ஃபீனிக்ஸ் இறப்பது முதலில் திட்டமிட்ட முடிவன்று. அவள் சக்தியை இழந்து உயிரோடு இருப்பதாகத்தான் வரைந்திருந்தார்கள். மக்கள் வாழும் ஒரு கோளையே அழித்தவள் அவ்வளவு எளிதில் தப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் சொன்னதால் இறுதிப் பக்கங்கள் மாற்றப்பட்டன. பழைய முடிவு 1984-இல் தனி இதழாக வெளிவந்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாற்றிய முடிவே கதையை நிற்க வைத்தது. முந்தைய இதழ்களில் அவளுக்குக் கூடிக்கொண்டே போன பசிக்கு அதுவே பொருத்தமான விடை.

காலத்தை அறிவது மன்னிப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. பெண் பாத்திரங்களைப் பின்தள்ளுவதும், பிற இனத்தவரைக் கேலிச் சித்திரமாக வரைவதும் பழைய இதழ்களில் நிறையவே உண்டு. அன்று அது எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது, இன்று படிக்கும்போது எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதை மூடாதீர்கள்.

எட்டாம் படி: எழுதுதல்

தலைப்பின் கீழே இதழின் பெயர், எண், அட்டைத் தேதி, நீங்கள் படித்த பதிப்பு ஆகியவற்றைப் போடுங்கள். அடுத்து முழுக் குழுவின் பெயர்: எழுத்தாளர், பென்சில் ஓவியர், பென்சில் கோடுகளின் மேல் மையிட்டு முடிக்கும் மைக் கலைஞர், வண்ணக் கலைஞர், எழுத்தமைப்பாளர், ஆசிரியர். எக்ஸ்-மென் 137-ஐப் பற்றி எழுதிவிட்டு டெர்ரி ஆஸ்டினின் மைக் கோடுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட்டால் பாதி ஓவியத்தை விட்டுவிட்டதாகப் பொருள். இந்தத் துறையில் பெயர் விடுபடுவது சிறு விஷயமன்று. 1939-இல் அறிமுகமான பேட்மேனை உருவாக்கியதில் பில் ஃபிங்கருக்குப் பெரும் பங்கு இருந்தும், பாப் கேனின் பெயர் மட்டுமே பல பத்தாண்டுகள் அச்சாகியது. ஃபிங்கரின் பெயர் முறைப்படி அருகில் சேர்ந்தது 2015-இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. விமர்சகராவது பெயர்களைச் சரியாக எழுத வேண்டும்.

கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது. மிச்ச இடத்தை ஒரே ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். இதழின் சிறந்த பக்கத்தையோ, அது தடுமாறும் பக்கத்தையோ தேர்ந்தெடுத்து, அதைப் பார்க்காதவருக்கும் புரியும்படி விவரித்து, அது ஏன் வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை என்று சொல்லுங்கள். ஒரு மாதிரி தருகிறேன்:

"அமேசிங் ஸ்பைடர்-மேன் 33, 1966 பிப்ரவரி. பெரும் இயந்திரம் ஒன்றின் அடியில் ஸ்பைடர்-மேன் சிக்கிக் கிடக்கிறான். மேலிருந்து நீர் ஒழுகுகிறது. அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. ஸ்டீவ் டிட்கோ இதற்குச் சண்டையே இல்லாத பல பக்கங்களை ஒதுக்குகிறார். எதிரி யாரும் இல்லை, எடை மட்டுமே இருக்கிறது. அவன் உந்தித் தள்ளத் தள்ளக் கட்டங்கள் விரிகின்றன. இறுதியில் இயந்திரம் மேலெழும்போது ஒரே படம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஸ்டான் லீயின் வசனம் அவன் மனத்தைச் சொல்கிறது. அதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த முயற்சி குறையாமல் தெரிகிறது. டிட்கோவின் கதைக் கட்டுமானத்துக்கு இதைவிட உறுதியான சான்றை நான் பார்த்ததில்லை."

இதில் "அருமை", "பிரமாதம்" போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு கடைசி வரியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் பக்கத்தில் காணக்கூடியவை. குறை சொல்லும்போதும் இதே முறைதான். "ஓவியம் சொதப்பல்" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியவில்லை என்று எழுதுங்கள்.

இதழின் நிலை, அரிதான தன்மை, விலை ஆகியவற்றை விமர்சனத்திலிருந்து முழுவதுமாக விலக்கிவையுங்கள். வேண்டுமானால் தனிக் குறிப்பாக எழுதலாம். 1991-இல் ஐந்து விதமான அட்டைகளுடன் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகள் அளவுக்கு விற்றது. அந்த எண்ணிக்கை அதன் கதையை நல்லதாகவும் ஆக்கவில்லை, கெட்டதாகவும் ஆக்கவில்லை. நட்சத்திர மதிப்பெண்ணையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் மூன்றில் ஒரு முடிவைச் சொல்லுங்கள்: மறுபடி படிப்பேன், வைத்திருப்பேன், வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன். மதிப்பெண்ணைவிட அந்த முடிவு வாசகருக்கு அதிகம் சொல்லும்.

ஒன்பதாம் படி: வெளியிடுவதற்கு முன்

ஒரு நாள் ஆறப்போடுங்கள். பிறகு இதழை மறுபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியதில் உள்ள ஒவ்வொரு பக்க எண்ணையும், மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வசனத்தையும், பெயர்களின் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் படியில் எழுதிய இடப்பக்கப் பத்தியை அப்போது எடுத்து, விமர்சனத்துக்குள் அதிலிருந்து ஏதாவது சரிபார்க்காமல் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்திருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு, வலப்பக்கத்தில் இருப்பதை எழுதுங்கள். முடிந்ததும் தேதியையும் பதிப்பையும் நோட்டின் பின்பக்கப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே இதழை எடுக்கும்போது, ஒப்பிட நினைவுடன் இந்த விமர்சனமும் கையில் இருக்கும்.